கண்வலியோடு குழந்தைகள் கூடும் இடத்துக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை நேரம், ஓவிய வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, பிறந்தநாள் விழா என்று குழந்தைகள் கூடும் நிகழ்ச்சி ஏதாவது ஒன்று வாரத்தில் வந்துவிடுகிறது. அதற்கு முந்தின நாள்தான் கண்ணும் சிவக்கும். அப்போது பெற்றோர்களும் பயிற்சி தருபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பொதுவான விஷயங்களை மட்டும் சொல்லியிருக்கிறோம். உங்கள் குழந்தையின் கண்ணைப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள். போகலாமா, கூடாதா?

கண்ணில் பீளையோ நீரோ வடிந்துகொண்டிருக்கும்வரை போக வேண்டாம்.

வடிவது நின்று, குழந்தையும் கண்ணைக் கசக்காமல் இருந்தால் போகலாம். லேசான சிவப்பு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. மற்ற கேள்விகள் எல்லாம் இந்த இரண்டு வரிக்கு நடுவில் வருபவை.

கண் சிவந்தாலே தொற்றுதானா?

இல்லை. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வது விழிவெண்படலத்தில், அதாவது கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வில், வரும் அழற்சி. அதற்குக் காரணங்கள் பல.

வைரஸால் வருவதுதான் மிகவும் பரவலானது. அதிலும் அடினோ வைரஸ் குடும்பம் பெரும்பங்கு வகிக்கிறது. தண்ணீர் போல வடியும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் போகும். சளி, தொண்டை வலி கூடவே இருக்கலாம். காதுக்கு முன்னால் சின்னதாக நெறி கட்டியிருப்பதும் உண்டு.

பாக்டீரியாவால் வருவது பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளிடம் அதிகம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை வரும். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியாது. துடைத்த சிறிது நேரத்தில் மறுபடி சேர்ந்துவிடும். சில குழந்தைகளுக்குக் காதுவலியும் சேர்ந்து வரும்.

அலர்ஜியால் சிவக்கும் கண் யாருக்கும் தொற்றாது. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் சிவக்கும், அரிப்புதான் முதல் தொல்லையாக இருக்கும், தும்மலும் மூக்கு ஒழுகலும் கூட வரும். வருடந்தோறும் ஒரே பருவத்தில் வந்தால் பெரும்பாலும் இதுதான். தூசி, புகை, குளோரின் தண்ணீர் பட்டுச் சிவந்ததும் தொற்றாது.

கைக்குழந்தைகளில் இன்னொரு வகை உண்டு. கண் ஓரத்தில் ஓயாமல் பீளை ஒட்டியிருக்கும், ஆனால் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கும். கண்ணீர் வடியும் சிறு குழாய் இன்னும் முழுதாகத் திறக்காததுதான் காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே சரியாகிவிடும். இதுவும் மற்றவர்களுக்குப் பரவாது. மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துவிட்டால், 'அந்தக் குழந்தைக்குக் கண்வலி' என்று குழுவில் யாராவது முகம் சுளிக்கும்போது பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். மேலே சொன்ன அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வரும். வீட்டில் கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்து 'இது வைரஸ், இது பாக்டீரியா' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவர்களுக்கே சில நேரம் அது எளிதாக இருப்பதில்லை. சந்தேகம் இருந்தால், தொற்றும் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

கண்வலி வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. பார்வை வழியாக எந்தக் கிருமியும் வராது.

பிறகு எப்படித்தான் பரவுகிறது?

கை வழியாக. குழந்தை கண்ணைக் கசக்குகிறது, அதே கையால் கிரேயான் எடுக்கிறது, அந்தக் கிரேயானைப் பக்கத்துக் குழந்தை எடுத்து வரைந்துவிட்டுத் தன் கண்ணைத் தேய்க்கிறது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. துண்டு, கைக்குட்டை, தலையணை, முகத்தில் பூசும் வண்ணம், நீச்சல் கண்ணாடி, விளையாட்டுத் தொப்பி, வேஷம் போடும் முகமூடி என்று முகத்தைத் தொடும் எதுவும் கிருமியைக் கடத்தும். சளியும் இருமலும் சேர்ந்திருந்தால் அந்தத் துளிகள் வழியாகவும் பரவலாம்.

அடினோ வைரஸ் பிடிவாதமானது. பிளாஸ்டிக் போன்ற காய்ந்த பரப்புகளில் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும். ஆல்கஹால் சானிடைசரை முழுதாக நம்பவும் முடியாது. வெளிப்புறக் கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹால் இதை அவ்வளவு எளிதில் அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கையிலிருந்து அதைத் தேய்த்துக் கழுவிவிடும். அதனால் வாசலில் ஒரு சானிடைசர் பாட்டிலை வைத்துவிட்டு 'நாங்கள் எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறோம்' என்று சொல்லும் நிகழ்ச்சியைவிட, கைகழுவக் குழாயும் சோப்பும் உள்ள இடம் மேல்.

எத்தனை நாள் தொற்றும்?

அடினோ வைரஸ் என்றால் அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 முதல் 14 நாள் வரைகூடத் தொற்றலாம். முதல் சில நாட்களில், கண் அதிகமாக வடியும்போது, ஆபத்து மிக அதிகம். கிருமி உள்ளே போனதிலிருந்து கண் சிவப்பதற்கே ஏறத்தாழ 5 முதல் 12 நாள் ஆகும். 'போன வாரம் போன விழாவில்தான் வந்திருக்கும்' என்று சொல்வதில் நியாயம் இருப்பது அதனால்தான்.

பாக்டீரியா என்றால் பீளை வரும்வரை தொற்றும். ஏற்ற சொட்டு மருந்தைத் தொடங்கினால் ஓரிரு நாளில் ஆபத்து வெகுவாகக் குறையும்.

இன்னொரு வகை மின்னல் வேகத்தில் பரவும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தம் கசிந்தாற்போல் செந்நிறத் திட்டுகள் தெரியும். கிருமி தொற்றி ஒன்று இரண்டு நாளிலேயே கண் சிவந்துவிடும். 1969இல் கானாவில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய பெருந்தொற்று இந்த வகைதான். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய ஆண்டு என்பதால் அதற்கு அப்பல்லோ நோய் என்றே பெயர் விழுந்தது. ஊரில் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேருக்குக் கண்வலி என்றால், வழக்கத்தைவிடக் கூடுதல் கண்டிப்பு தேவை.

சொட்டு மருந்து போட ஆரம்பித்து ஒரு நாள் ஆகிவிட்டது. இனிப் போகலாம்தானே?

இந்த '24 மணி நேரக் கணக்கு' பல பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அது ஓரளவு பொருந்தும். வைரஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து வைரஸை எதுவும் செய்யாது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் அது தன் நாட்களை எடுத்துக்கொண்டுதான் போகும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? எந்த வகை என்று தெரியாமலேயே ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறோம், மறுநாள் 'மருந்து போட்டாச்சு' என்று அழைத்துக்கொண்டு போகிறோம். சொட்டு மருந்து அனுமதிச்சீட்டு இல்லை. ஒரு நாள் கழித்துக் கண்ணைப் பாருங்கள். பீளை நின்றிருந்தால் சரி. இன்னும் வடிகிறதென்றால், பாட்டிலில் எத்தனை சொட்டு தீர்ந்திருந்தாலும் பதில் 'வேண்டாம்'தான்.

சில நாடுகளில் கண்வலியோடு பள்ளிக்கே போகலாம் என்கிறார்களே?

உண்மைதான். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, குழந்தைக்கு உடம்பு மிகவும் முடியாமல் இருந்தால் ஒழிய, கண்வலிக்காகப் பள்ளியை நிறுத்தத் தேவையில்லை என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியும் கண் சிவப்பு ஒன்றை மட்டும் காரணமாக வைத்துக் குழந்தையை விலக்க வேண்டியதில்லை என்ற பக்கம்தான் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் காப்பகங்களுக்கான தேசிய வழிகாட்டுதல் கண்டிப்பானது. தொற்றாத வகை என்று மருத்துவர் சொன்னால் ஒழிய, கண்ணிலிருந்து வடிவது நிற்கும்வரை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது.

இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் எதை எடைபோடுகிறார்கள் என்று பாருங்கள். கண்வலி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் நோய். அதற்காக ஒரு குழந்தை இரண்டு வாரம் பாடத்தை இழப்பதும், பெற்றோர் வேலைக்கு விடுப்பு எடுப்பதும் பெரிய விலை. சளி பிடித்த பிள்ளையை அனுப்புகிறோம், கண்வலி பிள்ளையை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்பது அவர்களின் வாதம். பள்ளியைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த வாதத்தை அப்படியே விளையாட்டுக் குழுவுக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை நேரத்துக்குப் போகாவிட்டால் குழந்தை இழப்பது கொஞ்சம்தான். அங்கே வருபவர்களோ பல பள்ளிகள், பல வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரு குழந்தையிடமிருந்து நான்கு பள்ளிகளுக்குக் கிருமி போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதோடு, தம்பி தங்கை என்று கைக்குழந்தைகளும் கூடவே வந்திருப்பார்கள். எனவே பள்ளிக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன நாளிலேயே, விருப்பத்தின் பேரில் போகும் நிகழ்ச்சியைத் தவிர்ப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே மாதிரி ஆபத்தா?

இல்லை. கண் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த நிகழ்ச்சியில் கைகள் என்ன செய்யப்போகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

களிமண், மாவு பிசைந்து உருவம் செய்வது, மணல் தொட்டி, பந்துக்குளம், கட்டை அடுக்கும் விளையாட்டு, முகத்தில் வண்ணம் தீட்டுவது, வேஷம் போடுவது, சேர்ந்து சமைப்பது: இவையெல்லாம் மோசமான பட்டியல். பந்துக்குளத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பந்துகளை ஒவ்வொரு குழந்தை போனபின்னும் யாரும் கழுவப்போவதில்லை. ஒரே பெட்டி வண்ணப் பென்சிலைப் பத்துக் குழந்தைகள் பகிரும் ஓவிய வகுப்பும் இதே ரகம். மல்யுத்தம், ஜூடோ மாதிரி முகமும் விரிப்பும் உரசும் பயிற்சிகளையும் இதில் சேர்க்க வேண்டும்.

நடுவில் வருபவை: பாட்டு, நடனம், கதை சொல்லல், சதுரங்கம். சதுரங்கத்தைப் பலர் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். காய்கள் இரண்டு பேர் கைக்கும் மாறிமாறிப் போவது மட்டுமல்ல, அடுத்த காய் நகர்த்துவதை யோசிக்கும்போது கன்னத்திலும் கண்ணிலும் கை வைக்காத குழந்தையை நாங்கள் பார்த்ததில்லை.

திறந்த வெளியில் ஓட்டப் பயிற்சி, நடைப்பயணம், தன் சொந்த மட்டையோடு ஆடும் பயிற்சி ஆகியவற்றில் ஆபத்து குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்ட, சொன்னால் கேட்கிற குழந்தை, வடிவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது, பயிற்சியாளருக்கும் விஷயம் தெரியும் என்றால் இவற்றுக்கு அனுப்புவதில் பெரிய தப்பில்லை.

வயதும் முக்கியம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் 'கண்ணைத் தொடாதே' என்று சொல்வது, மழையிடம் 'நனைக்காதே' என்று சொல்வது போலத்தான். அந்த வயதில் குழந்தை கவனமாக இருக்கும் என்று நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நீச்சல் வகுப்பு?

வேண்டாம். முழுதாகச் சரியாகும்வரை வேண்டவே வேண்டாம். காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வரும் ஒரு வகை அடினோ வைரஸ் தொற்று நீச்சல் குளங்கள் வழியாகப் பரவுவதற்குப் பேர்போனது. குளோரின் சரியான அளவில் இருக்கும் குளத்தில் ஆபத்து குறையும். ஆனால் குளத்தின் குளோரின் அளவு உங்கள் கையில் இல்லையே. அதோடு, புண்ணாகியிருக்கும் கண்ணில் குளோரின் பட்டால் எரிச்சல் கூடும். நீச்சல் கண்ணாடியை யாரோடும் பகிர வேண்டாம். இது கண்வலி இல்லாத நாட்களுக்கும் பொருந்தும்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனால்?

கண் கூசுவது குறையும். கண்ணுக்குக் கை போவதும் கொஞ்சம் குறையலாம். மற்றபடி கிருமியைக் கண்ணாடி தடுக்காது. கண்ணாடியைக் கழற்றி மாட்டும் கையிலும் அதே கிருமிதான் இருக்கும்.

குழந்தை நன்றாக இருக்கிறது, கண்வலி எனக்குத்தான். நான் அழைத்துப் போகலாமா?

யாராவது இன்னொருவர் அழைத்துப் போக முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால், வாசலில் விட்டுவிட்டு வந்துவிடும் வகை நிகழ்ச்சிக்குப் போகலாம். உள்ளே உட்கார்ந்து, மற்றக் குழந்தைகளைத் தூக்கி, பொம்மை எடுத்துக்கொடுத்து, தின்பண்டம் பரிமாறும் வகை என்றால் இந்த வாரம் விட்டுவிடுங்கள். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் மழலையர் குழுக்களில் இது ரொம்பவே முக்கியம். அங்கே தவழும் குழந்தைகள் கையில் கிடைத்ததை எல்லாம் வாயிலும் முகத்திலும் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கண்வலி உங்களுக்கு என்றால், உங்கள் குழந்தைக்கும் ஏற்கெனவே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம், வெளியே தெரியத்தான் நாள் எடுக்கும். காலையில் கிளம்பும் முன் குழந்தையின் கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். லென்ஸ் போடும் கண் சிவப்பது சாதாரணக் கண்வலியாக இல்லாமல் கருவிழிப் புண்ணாகவும் இருக்கலாம்.

நான் வகுப்பு எடுப்பவர். எனக்குக் கண்வலி என்றால்?

பீளை நிற்கும்வரை எடுக்காதீர்கள். ஒரு குழந்தை தன் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கும். கைபிடித்து எழுதச் சொல்லித்தரும் ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுவார். திரையில் பார்த்தபடி வீட்டிலிருந்து எடுக்க முடிந்தால் எடுங்கள்.

அண்ணனுக்குக் கண்வலி. தங்கைக்கு ஒன்றுமில்லை. அவளையாவது அனுப்பலாமா?

அனுப்பலாம். நோய் வரவில்லை என்பதற்காக அவளை இரண்டு வாரம் வீட்டில் பூட்டிவைக்க முடியாது. கிளம்பும் முன் கண்ணைப் பாருங்கள், கையைச் சோப்பால் கழுவிவிடுங்கள், அண்ணன் துண்டையும் தலையணையையும் அவள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'கண் உறுத்துது' என்று அவள் சொன்ன நாளில் அனுப்பாதீர்கள், சிவப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழுவில் பிறந்து சில வாரமே ஆன குழந்தையோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தையோ இருந்தால் தங்கையையும் நிறுத்தி வைப்பது நல்லது.

ஒரு கண்ணில் மட்டும்தானே இருக்கிறது?

தொற்றுவதற்கு ஒரு கண் போதும்.

பணம் கட்டியாயிற்று. மேடை நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் பயிற்சி செய்திருக்கிறாள். இதற்கும் 'வேண்டாம்' தானா?

இது கஷ்டமான கேள்வி. மூன்று மாத உழைப்பைத் தூக்கிப் போடச் சொல்ல எங்களுக்கும் மனசு வராது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அலர்ஜி என்றால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. தொற்று என்றால், நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தனியாக ஆடும் அல்லது பாடும் நிகழ்ச்சி என்றால் வழி உண்டு: ஒப்பனை அறைக்குப் போகாமல் வீட்டிலேயே தயாராகி, தன் முறை வரும்போது மேடையேறி, முடிந்ததும் கிளம்பிவிடலாம். கண்மை, ஒப்பனைத் தூரிகை, உடை, ஒலிவாங்கி எதையும் பகிரக் கூடாது. கண் வலிக்கும் நாளில் கண்ணுக்கு மை தீட்டவே வேண்டாம், பார்ப்பவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கைகோத்து ஆடும் குழு நடனம் என்றால் நேர்மையான பதில் 'இந்த முறை விட்டுவிடுங்கள்' என்பதுதான்.

வாராந்திர வகுப்புக்கும் விழாவுக்கும் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். கட்டிய பணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நோய்க்காக வராத குழந்தைக்கு வகுப்பை மாற்றித் தருவது நடத்துபவர்களுக்கும் லாபம்தான். பணம் போய்விடுமே என்று கண்வலியோடு ஒரு பிள்ளை வந்தால், அடுத்த வாரம் பாதி வகுப்பு காலியாகிவிடும்.

நடத்துபவரிடம் சொல்ல வேண்டுமா? சங்கடமாக இருக்கிறதே.

சொல்லுங்கள். சென்ற வாரம் வந்து போன குழந்தைக்கு இந்த வாரம் கண்வலி என்றாலும் சொல்லுங்கள். 'நேத்திலிருந்து பையனுக்குக் கண்வலி, இந்த வாரம் வரமாட்டோம், மற்றக் குழந்தைகள் கண்ணையும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க' என்ற ஒரு குறுஞ்செய்தி போதும். கண்வலி அழுக்கால் வருவதில்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. சுத்தமான வீட்டிலும் வரும். நடத்துபவர்களும் மற்றப் பெற்றோருக்குத் தகவல் சொல்லும்போது குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது.

போய் வந்த பிறகுதான் கண் சிவந்தது தெரிந்தது. என்ன செய்வது?

தகவல் சொல்லுங்கள், அவ்வளவுதான். முன்பே தெரிந்திருக்க வழியில்லை. அங்கிருந்து கொண்டுவந்த கைவேலைப் பொருட்களைத் தம்பி தங்கையிடம் கொடுக்காமல் எடுத்து வையுங்கள்.

நிகழ்ச்சியின் நடுவிலேயே தெரிந்தால், குழந்தையைத் தனியாக ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, கையைச் சோப்பால் கழுவி, கையில் ஒரு காகிதக் கைக்குட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள். எல்லோர் முன்னாலும் 'ஐயோ, கண்வலி!' என்று கூச்சல் போட வேண்டாம். நோயைவிட அதுதான் பிள்ளை மனதில் நீண்ட நாள் நிற்கும்.

குழுவில் ஒருவருக்கு வந்துவிட்டது. நடத்துபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நிகழ்ச்சியை ரத்துசெய்ய வேண்டியதில்லை. பகிரும் பொருட்களைக் குறையுங்கள்: ஒவ்வொருவரும் சொந்த வண்ணப் பென்சில் கொண்டுவரட்டும், களிமண்ணை ஆளுக்கொரு உருண்டையாகப் பிரித்துக் கொடுத்து முடிந்ததும் அப்புறப்படுத்துங்கள். பொதுத் துண்டை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு வையுங்கள். பிளாஸ்டிக் பொம்மை, மேசை, கதவுக் கைப்பிடி ஆகியவற்றைச் சோப்பு நீரால் துடைத்த பின் குளோரின் கலந்த கிருமிநாசினியால் துடையுங்கள். எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை நிமிடம் விடுவது என்பது டப்பாவிலேயே இருக்கும். அந்த நிமிடங்கள் முக்கியம், தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை. துணிப் பொம்மைகளைச் சூடான நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாதவற்றைச் சில வாரம் பெட்டியில் கட்டி வையுங்கள்.

ஒரே வாரத்தில் பலருக்கு வந்துவிட்டால் ஒரு வாரம் இடைவெளி விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான், அதே பஞ்சு மறு கண்ணுக்குப் போகக் கூடாது. துடைத்ததும் குப்பையில் போட்டுவிட்டு, முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். குழந்தையிடமிருந்து அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தொற்றுவது பெரும்பாலும் மருந்து போடும் நேரத்தில்தான். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் உறுத்தலைக் குறைக்கும். தனித் துண்டு, தனித் தலையணை, உறையைத் தினமும் மாற்றுவது போதும்.

தாய்ப்பால், மூலிகைச் சாறு, தேன் எதையும் கண்ணில் விட வேண்டாம். போன வருடம் பாட்டிலில் மிச்சமான சொட்டு மருந்தும் வேண்டாம். திறந்து ஏறத்தாழ நான்கு வாரம் ஆன கண் சொட்டு மருந்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. மருத்துவர் எழுதித் தராமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள். போட்டவுடன் சிவப்பு குறைந்து 'ஆஹா' என்று தோன்றும். உள்ளே ஹெர்பீஸ் வைரஸ் மாதிரி ஏதாவது இருந்தால் கருவிழியையே கெடுத்துவிடும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடும்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தையின் கண் சிவந்து பீளை வந்தால் அன்றே போங்கள், மறுநாள் வரை வேண்டாம். மற்றவர்களுக்கு: உறுத்தலைத் தாண்டிய நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமை, துடைத்த பின்னும் பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவத்தல், இமையில் நீர்க்கொப்புளம், கண்ணில் அடிபட்டோ ரசாயனம் பட்டோ சிவத்தல். ரசாயனம் என்றால் முதலில் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், பயணம் அதற்குப் பிறகு.

கண் சிவப்போடு நல்ல காய்ச்சல் இருந்தால் 'கண்வலிதானே' என்று விட்டுவிடாதீர்கள். தட்டம்மையும் காய்ச்சல், இருமல், சிவந்த கண் என்றுதான் தொடங்கும், தடிப்புகள் சில நாள் கழித்தே வரும். பீளையே இல்லாமல் இரண்டு கண்ணும் சிவந்து, காய்ச்சல் ஐந்து நாளாக விடாமல் அடித்தால் கவாசாகி நோயாக இருக்கலாம், அது இதய ரத்தக்குழாய்களைப் பாதிக்கக்கூடியது. காய்ச்சல் இருக்கும் குழந்தை எந்தக் குழு நிகழ்ச்சிக்கும் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கினால்தான் மறுபடி சேர்ப்போம் என்கிறார்களே?

சில இடங்களில் கேட்கிறார்கள். சரியான கண்ணுக்குச் சான்றிதழ் வாங்க மறுபடி ஒரு மருத்துவமனை வரிசையில் நிற்பது வீண் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, ஆனால் விதி அவர்களுடையது. முதல்முறை போகும்போதே 'எந்த நாளிலிருந்து அனுப்பலாம்' என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சரி, மறுபடி எப்போது அனுப்பலாம்?

காலையில் எழும்போது இமை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை, பகலிலும் துடைக்க வேண்டியிருக்கவில்லை, குழந்தை கண்ணுக்குக் கை கொண்டுபோகவில்லை என்றால் அன்று அனுப்பலாம். வைரஸ் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பந்துக்குளமும் நீச்சலும் மட்டும் இரண்டு வாரம் முடியட்டும்.

சரியான பிறகும் சில குழந்தைகள் 'எழுத்து மங்கலாத் தெரியுது', 'விளக்கைப் பார்த்தால் கூசுது' என்று வாரக்கணக்கில் சொல்வதுண்டு. கடுமையான அடினோ வைரஸ் தொற்றுக்குப் பிறகு கருவிழியில் மெல்லிய வெண்புள்ளிகள் தங்கிவிடுவதால் வருவது அது. அது தொற்றாது, நிகழ்ச்சிக்கும் தடையில்லை. கண் மருத்துவரிடம் மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.